வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா?

பலதுறை மருந்தகத்திலிருந்து அப்பா வீடு திரும்புகிறார். அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. சில மாதங்களாக ராத்திரியானால் பாதம் எரிகிறது. அதைச் சொல்லத்தான் போயிருந்தார்.

கையில் புது மாத்திரை. "இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று உங்களிடம் நீட்டுகிறார்.

பெயர் அமிட்ரிப்டிலின். கைத்தொலைபேசியில் தேடுகிறீர்கள். முதல் வரியிலேயே வருகிறது: மனச்சோர்வுக்கான மருந்து.

"எனக்கு மனசுல ஒன்னும் இல்லையே. காலுதானே எரியுது? நான் சும்மா சொல்றேன்னு டாக்டர் நினைச்சிட்டாரா?"

மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது. அப்பா மறுபடியும் பனடோலைத் தேடுகிறார்.

உங்கள் வீட்டில் அது அப்பாவாக இல்லாமல் பாட்டியாக இருக்கலாம். மாத்திரை கேபபெண்டினாக இருந்து, தேடலில் "வலிப்பு நோய்க்கான மருந்து" என்று வந்திருக்கலாம். எப்படியோ, மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்துப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை இரண்டு மொழியும் தெரிந்த இளையர்கள் தலையில்தான் விழுகிறது. நீங்கள் சொல்லும் ஒரு வரியிலேயே அந்த மாத்திரை சாப்பிடப்படுமா, அலமாரியில் தூங்குமா என்பது முடிவாகிவிடும்.

அதனால் இதை முதலில் சொல்லிவிடலாம். டாக்டர் மாற்றி எழுதவில்லை. "கால் எரியுது" என்று அப்பா சொன்னதை அவர் அப்படியே நம்பினார். நம்பியதால்தான் அந்த மருந்தை எழுதினார்.

எப்படி என்று பார்ப்போம்.

புகை இல்லாமல் அடிக்கும் அலாரம்

கதவில் விரல் நசுங்கினால் வலிக்கும். மூட்டு தேய்ந்து வீங்கினால் வலிக்கும். அந்த இடத்தில் திசு பாதிக்கப்பட்டிருக்கிறது. நரம்பு அந்தச் செய்தியை முதுகுத்தண்டு வழியாக மூளைக்குக் கொண்டுபோகிறது. நரம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். புகை வந்தது, அலாரம் அடித்தது.

நரம்பு வலி வேறு. இங்கே அலாரத்தின் கம்பியே பழுது. புகையே இல்லாமல் அது அடித்துக்கொண்டிருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாக இருந்தால் நரம்புகள் சேதமடையும். உடலில் ஆக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகின்றவை. அதனால்தான் எரிச்சல் பெரும்பாலும் பாதத்தில் தொடங்குகிறது. சேதமடைந்த நரம்பு, யாரும் தொடாமலேயே "எரிகிறது, எரிகிறது" என்று செய்தி அனுப்பத் தொடங்கிவிடும். கொஞ்ச நாளில் முதுகுத்தண்டில் அந்தச் செய்தியை வாங்கும் நரம்பணுக்களும் பழகிப்போய், சின்னச் செய்தியைக்கூடப் பெரிதாக்கி மேலே அனுப்பும். போர்வை பட்டாலே சிலருக்கு வலிப்பது இதனால்தான்.

அக்கிப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் தொடரும் எரிச்சல், முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதால் காலில் இறங்கும் வலி, முகத்தில் மின்னல் வெட்டுவது போல் வரும் வலி எல்லாம் இதே குடும்பம்.

பாதத்தில் வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வீக்கமில்லை, காயமில்லை. "சும்மா சொல்கிறார்" என்று மற்றவர்கள் நினைப்பதற்கு இது போதும். ஆனால் வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2020ஆம் ஆண்டு வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது ஒன்றைத் தெளிவாகச் சேர்த்தது: ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும்.

பனடோல் ஏன் போதவில்லை?

பனடோலில் இருப்பது பாராசிட்டமால். தலைவலி, காய்ச்சல், பல்வலி ஆகியவற்றுக்கு நல்ல மருந்து. ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை வேறு வகை. காயம் பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, அங்குள்ள நரம்புகளைச் சட்டென்று தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவரும். ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஐபுபுரோஃபெனும் டைக்லோஃபெனாக்கும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன.

சுளுக்கு, மூட்டு வீக்கம், மாதவிடாய் வலிக்கு இவை கைகொடுக்கும். அப்பாவின் பாதத்தில் வீக்கமில்லை. அங்கே தடுப்பதற்குப் புரோஸ்டாகிளாண்டின் பெரிதாக ஒன்றும் இல்லை. தீயணைப்பாளர்கள் வந்து நிற்கிறார்கள், அணைக்கத் தீ இல்லை.

ஒரு மாத்திரையில் போகாத வலிக்கு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று போகும்போதுதான் சிக்கல். பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலின் உச்சவரம்பு ஒரு நாளுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. அதற்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஐபுபுரோஃபென் வகையில் வேறு கவலை. நாம் தடுக்க நினைக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் சீராக வைத்திருக்கிறது. நீரிழிவால் ஏற்கெனவே சிறுநீரகம் களைத்துப்போனவர், மருந்துக் கடையில் வாங்கித் தினமும் அதைச் சாப்பிடுவது நல்லதல்ல. வலியும் குறையாது, சிறுநீரகமும் கெடும். இரட்டை நட்டம்.

கடுமையான வலிக்குத் தரப்படும் கோடீன், டிரமடால், மோர்ஃபின் போன்றவை மூளையிலும் முதுகுத்தண்டிலும் வேலை செய்பவை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புற்றுநோய் வலியிலும் இவற்றுக்கு இடமுண்டு. ஆண்டுக்கணக்கில் நீளும் வலிக்கு இவை முதல் தேர்வாக இருப்பதில்லை. மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், பழகிப்போய் விட முடியாத நிலை எல்லாம் கூடவே வரும்.

வலி மருந்து என்ற பெயரில்லாத வலி மருந்துகள்

அமிட்ரிப்டிலின் 1961இல் மனச்சோர்வு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கேபபெண்டின் 1993இல் வலிப்பு மருந்தாக அங்கே அனுமதி பெற்றது. வேறு நோய்களுக்காகச் செய்யப்பட்ட இந்த மருந்துகள் நரம்பு வலியைக் குறைப்பதை மருத்துவர்கள் பிறகு கவனித்தார்கள். ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. இப்போது உலகெங்கும் நரம்பு வலிக்கான சிகிச்சை வழிகாட்டிகளில் இவைதான் முன்வரிசையில் இருக்கின்றன.

இவற்றைத் துணை வலி நிவாரணிகள் என்று சொல்வதுண்டு. அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நரம்பு வலியில் துணையாக இல்லை, கதாநாயகனாகவே வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்காக மூன்று படி ஏணி ஒன்றை வெளியிட்டது. அதில் சாதாரண வலி மருந்து முதல் மோர்ஃபின் வரை ஒவ்வொரு படியிலும் இந்த வகை மருந்துகளைச் சேர்த்துக்கொள்ள இடம் இருந்தது.

அப்படியென்றால் தேடலில் ஏன் முதலில் "மனச்சோர்வு" என்று வருகிறது? மருந்து எதற்காகப் பதிவு செய்யப்பட்டதோ அதுதான் முதலில் வரும். அமெரிக்காவில் அமிட்ரிப்டிலின் இன்றும் மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் பதிவில் இருக்கிறது. பதிவு ஒன்று, மருத்துவர்கள் நீண்ட அனுபவத்திலும் ஆய்விலும் கண்ட பயன் இன்னொன்று. இரண்டும் உண்மைதான்.

மனநிலைக்கும் வலிக்கும் என்ன தொடர்பு?

காற்பந்து விளையாடும்போது முழங்காலில் அடிபட்டதே தெரியாமல் ஓடியிருப்பீர்கள். ஆட்டம் முடிந்து உட்கார்ந்த பிறகுதான் "ஐயோ" என்று இருக்கும். ஆட்டத்தின்போது நரம்பு செய்தி அனுப்பாமல் இல்லை. மூளை கீழ்நோக்கி ஒரு பதில் செய்தி அனுப்பி, முதுகுத்தண்டிலேயே வலியின் ஒலியைக் குறைத்துவிட்டது. வானொலியின் சத்தத்தைக் குறைப்பது போல.

அந்தப் பதில் செய்தி நோரட்ரெனலின், செரொட்டோனின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வழியாகப் போகிறது. இதே இரண்டும்தான் மனநிலையிலும் பங்கு வகிக்கின்றன. அமிட்ரிப்டிலினும் டுலோக்செட்டினும் இவை சீக்கிரம் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. முதுகுத்தண்டில் அது நடந்தால் வலி தணிகிறது.

அப்படியானால் மனம் தெளிவதால்தான் வலி குறைகிறதோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நியூராலஜி சஞ்சிகையில் 1987இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. நீரிழிவு நரம்பு வலி உள்ளவர்களில் மனச்சோர்வு இருந்தவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பினருக்கும் அமிட்ரிப்டிலின் வலியைக் குறைத்தது. மருந்தளவும் வேறு. வலிக்குப் பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல் தேவைப்படும். மாத்திரை அட்டையில் உள்ள அந்த எண்ணை அப்பாவிடம் காட்டிப் பாருங்கள். பல விளக்கங்களைவிட அது சீக்கிரம் புரியும்.

கேபபெண்டின், பிரிகேபலின் இரண்டும் வேறு பாதை. நரம்பு முனையில் கால்சியம் நுழைந்தால்தான் அது அடுத்த நரம்புக்குச் செய்தியைக் கொட்டும். அந்த நுழைவாயிலின் ஒரு பகுதியில் இந்த மருந்துகள் ஒட்டிக்கொள்கின்றன. ஓயாமல் கத்தும் நரம்பு கொஞ்சம் அடங்குகிறது. வலிப்பில் மூளை நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிப்பதை அடக்கும் மருந்து, இங்கே வலி நரம்பை அடக்குகிறது. இப்படிப் பார்த்தால் "வலிப்பு மருந்து" என்ற பெயர் பயமுறுத்தாது.

சமையலறை மிளகாய்க்கும் இதில் பங்கு உண்டு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் திறக்கிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசினைத் தொடர்ந்து தோலில் பூசினால் முதலில் எரியும், பிறகு அந்த நரம்பு முனைகள் மந்தமாகிவிடும். கேப்சைசின் களிம்பும் ஒட்டும் பட்டையும் நரம்பு வலிக்குப் பயன்படுவது அப்படித்தான். வீட்டு மிளகாயை அரைத்துக் காலில் தடவ வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அது புண்ணில் போய் முடியும்.

எல்லாருக்கும் கேட்குமா?

கேட்காது. இதை மறைக்க வேண்டியதில்லை.

லேன்செட் நியூராலஜி சஞ்சிகை 2015இல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வின்படி, வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய வேண்டுமானால், அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறக்குறைய 4 பேருக்குக் கொடுக்க வேண்டும். கேபபெண்டின் என்றால் ஏறக்குறைய 7 பேருக்கு. முதல் மருந்து கேட்காமல் போனால் அது நோயாளியின் குற்றமில்லை, வலி பொய் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அடுத்ததை முயற்சி செய்யலாம், இரண்டைச் சேர்த்தும் பார்க்கலாம். 2022இல் லேன்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று நீரிழிவு நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகேபலின் மூன்றையும் ஒப்பிட்டது. பலன் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது வலி மேலும் குறைந்தது.

எந்த மருந்தும் கெட்ட நரம்பைப் புதிதாக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சத்தத்தைத்தான் குறைக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பாதத்தைத் தினமும் பார்ப்பதும் தொடர வேண்டும்.

சிங்கப்பூரில் கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனை

முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலிக்குக் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து தரப்படுவதுண்டு. நல்ல பலன் தரும் மருந்து. ஆனால் ஒரு சிலருக்கு உடல் முழுதும் தோல் கொப்பளித்து உரியும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். உயிரையே பறிக்கக்கூடியது.

யாருக்கு வரும் என்பதை ஒரு மரபணு காட்டிக்கொடுக்கிறது. தைவான் ஆய்வாளர்கள் 2004இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர்களிடம் அரிதான அந்த மரபணு வகை ஆசிய மக்களிடம் கூடுதல். சிங்கப்பூரில் சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம், இந்தியர்களிடமும் உண்டு. ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் 2013இல் பரிந்துரைத்தன. "முகவலிக்கு எதுக்கு மரபணு டெஸ்ட்?" என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் காரணம் இதுதான்.

பனடோல் மாதிரி சாப்பிடக்கூடாது

பனடோல் போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரியும். வலித்தால் போடுவோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் புது மாத்திரைகள் தோற்றுப்போகின்றன.

இவற்றை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தினமும் சாப்பிட வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். பக்கவிளைவோ முதல் நாளே வந்துவிடும். அமிட்ரிப்டிலின் என்றால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் தலை பாரமாக இருக்கும். கேபபெண்டினும் பிரிகேபலினும் தலைசுற்றல், தூக்கம், சிலருக்குக் கால் வீக்கம், எடை கூடுதல். டுலோக்செட்டின் பெரும்பாலும் குமட்டல். பலன் வருவதற்குள் தொல்லை வந்துவிடுவதால், மூன்றாம் நாள் "இது நமக்கு ஒத்துக்காது" என்று நிறுத்திவிடுவார்கள். பக்கவிளைவுகள் பலவும் சில நாளில் தணியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். தூக்கம் தரும் மருந்தைப் படுக்கப்போவதற்கு முன்பு சாப்பிட்டால் அந்தத் தூக்கமே ஒரு நன்மை.

பாட்டி, தாத்தாவுக்கு இன்னும் கவனம் தேவை. நடுராத்திரியில் கழிவறைக்கு எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். வழியில் சிறு விளக்கு போட்டு வையுங்கள். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலின் சரிப்படாமல் போகலாம். கேபபெண்டினும் பிரிகேபலினும் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைக்க வேண்டும். மது, தூக்க மாத்திரை, கோடீன் போன்றவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். டுலோக்செட்டினும் டிரமடாலும் சேர்வதிலும் ஆபத்து உண்டு. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், சீன மருந்து, நாட்டு மருந்து, பழைய இருமல் மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு, ஒரே வாரத்துல மூட்டு வலி பறந்துடும்" என்று யாரோ ஒருவர் கொடுக்கும் பெயர் தெரியாத மூலிகை மாத்திரையிடம் ஜாக்கிரதை. அப்படிப்பட்ட பொருள்களில் சொல்லாமல் ஸ்டெராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி உடனே குறைவது அதனால்தான். முகம் வீங்குவதும் சர்க்கரை எகிறுவதும் அதனால்தான். கஞ்சா வலியைப் போக்கும் என்ற பேச்சும் இணையத்தில் நிறைய. சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். அது ஒருபுறம் இருக்க, வலிக்கு அதைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2021இல் சொன்னது.

மொழிபெயர்ப்பில் தொலையும் வலி

அடுத்த முறை அப்பாவோடு மருந்தகத்துக்குப் போனால், பெரும்பாலும் நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர். அப்பா அரை நிமிடம் பேசுவார். நீங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை சொல்வீர்கள்: "பெயின்".

அந்த ஒரு வார்த்தையில் நிறைய தொலைந்துபோகிறது. தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! எரியுது. குத்துது. குடையுது. விண் விண்ணுன்னு தெறிக்குது. சுருக் சுருக்குன்னு இருக்கு. கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. மரத்துப்போச்சு. 

இவை வெறும் வர்ணனை இல்லை. நரம்பு வலியை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று பிரான்சில் உருவாகி 2005இல் வெளியானது. அது கேட்பதே இதைத்தான்: எரிகிறதா, மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதா, ஊசி குத்துவது போல் இருக்கிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா? உங்கள் பாட்டி தன் பாட்டுக்குச் சொல்லும் "எறும்பு ஊர்ற மாதிரி" அந்தக் கேள்வித்தாளுக்கு நேரடிப் பதில். "குடைச்சல்", "வீங்கி விண்ணுன்னு இருக்கு" என்றால் மருத்துவரின் யோசனை வேறு பக்கம் போகலாம். மருந்தும் மாறலாம்.

ஆகவே சுருக்க வேண்டாம். சரியான ஆங்கிலச் சொல் வராவிட்டாலும் பரவாயில்லை, எறும்பை எறும்பாகவே சொல்லிவிடுங்கள்.

புது மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு சின்னக் குறிப்பும் எழுதி வைக்கலாம். இரவில் எத்தனை முறை வலியால் எழுந்தார், கடைக்கு நடந்து போக முடிந்ததா, பத்துக்கு எத்தனை வலி. அப்பா "அப்படியேதான் இருக்கு" என்பார். குறிப்பைப் பார்த்தால் முதல் வாரம் 8, நான்காம் வாரம் 5 என்று இருக்கலாம். வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாக எடுத்துக்கொள்வார்கள். அதைக் காட்டினால்தான் மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்று அவர் முடிவுசெய்ய முடியும்.